ஒளி போகும் பாதை: டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா?

மாணவர்களே, பள்ளிப் புகைப்படக் கழகத்தில் சேர்ந்தவர்களும் விடுமுறையில் பறவைகளையும் திருவிழாக்களையும் படமெடுக்க ஆசைப்படுபவர்களும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது: டிஎஸ்எல்ஆர் வாங்குவதா, மிரர்லெஸ் வாங்குவதா? கடைக்காரர் ஒன்று சொல்வார், நண்பர் வேறொன்று சொல்வார். செலவாகப் போவதோ பெற்றோரின் பணம், அல்லது நீங்கள் பல மாதங்களாகச் சேர்த்த பணம். எனவே விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு அறிவியலைத் துணைக்கு அழைப்போம். படிவம் 4 இயற்பியலில் வரும் ஒளிப் பாடமே இதற்குப் போதும்.

ஓர் ஆடி செய்யும் வேலை

டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சிறிய சமதள ஆடி 45 பாகை சாய்வில் நிற்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளி அதில் பட்டு மேல்நோக்கித் திரும்பி, ஒரு மங்கலான திரையில் பிம்பமாக விழுகிறது. குவிலென்ஸ் உருவாக்கும் மெய்ப்பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும் என்று படித்திருப்பீர்கள். தலைகீழை அந்த ஆடியே சரிசெய்துவிடும். இடவலத்தைச் சரிசெய்ய, மேலே ஐங்கோண வடிவக் கண்ணாடிப் பட்டகம் ஒன்று இருக்கிறது. விலை குறைந்த கேமராக்களில் பட்டகத்துக்குப் பதிலாகச் சிறு ஆடிகள் இருக்கும்.

பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே எழும்பும். ஒரு கணம் உங்கள் கண்ணுக்கு எல்லாம் இருட்டாகும். ஷட்டர் திறக்கும், ஒளி உணரியில் விழும், பிறகு ஆடி பழைய இடத்துக்கு இறங்கும். 'டக்' என்று கேட்கும் சத்தத்தில் பெரும்பங்கு இந்த ஆடியினுடையது.

மிரர்லெஸ் கேமராவில் ஆடியும் இல்லை, பட்டகமும் இல்லை. ஒளி நேராக உணரியில் விழுகிறது. உணரி காண்பதைத்தான் ஒரு சிறிய மின்னணுத் திரை உங்களுக்குக் காட்டுகிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் கைப்பேசியிலும் இதே முறைதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். படம் பதிவாகும் அந்தக் கணத்தில் இரண்டிலும் பாதை ஒன்றே: லென்ஸ், அதன் பின் உணரி. டிஎஸ்எல்ஆரின் ஆடி அப்போது வழியை விட்டு விலகிவிடுகிறது. எனவே "மிரர்லெஸ்ஸில் படம் தெளிவாக இருக்கும்" என்று யாராவது சொன்னால், அதற்கு ஆடி காரணமல்ல. தெளிவைத் தீர்மானிப்பவை உணரி, லென்ஸ், வெளிச்சம், உங்கள் கை. இருவகைக் கேமராவின் வேறுபாடுகளில் பெரும்பாலானவை பொத்தானை அழுத்துவதற்கு முன் நடப்பவை.

பார்ப்பதும் ஃபோகஸ் செய்வதும்

டிஎஸ்எல்ஆரில் நீங்கள் காண்பது உண்மையான ஒளி. தாமதமே இல்லை. ஆனால் பதிவாகப்போகும் படம் இருட்டாக வருமா, வெளுத்துவிடுமா என்பதை அது காட்டாது. மிரர்லெஸ்ஸில் படம் எப்படி வரும் என்பதை முன்கூட்டியே பார்க்கலாம். கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால், ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 17 மில்லிவிநாடி இடைவெளி உண்டு.

ஃபோகஸ் செய்யும் முறையும் வேறு. டிஎஸ்எல்ஆரில் ஆடியின் ஒரு பகுதி சிறிதளவு ஒளியை ஊடுருவ விடும். அந்த ஒளி பின்னால் உள்ள இன்னொரு குட்டி ஆடியில் பட்டு, கேமராவின் அடியில் இருக்கும் தனி உணரிக்குப் போகும். இந்தப் பாதையின் நீளமும் முதன்மை உணரிக்குப் போகும் பாதையின் நீளமும் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். சிறிது பிசகினாலும், முகத்துக்கு வைத்த ஃபோகஸ் காதில் போய் விழும். மிரர்லெஸ்ஸில் முதன்மை உணரியே ஃபோகஸையும் கணிக்கிறது. அதனால் அந்தப் பிசகுக்கு இடமில்லை. முழுக் காட்சியும் உணரிக்கு எப்போதும் தெரிவதால், புதிய மாடல்கள் மனிதரின் கண்ணையும் பறவையின் கண்ணையும் கண்டுபிடித்துத் தொடர்கின்றன.

மின்கலமும் எடையும்

ஓயாமல் வேலை செய்யும் உணரியும் திரையும் மின்சாரத்தைக் குடிக்கும். நிக்கான் டி750 என்னும் டிஎஸ்எல்ஆர், பொதுவான தரச் சோதனை முறைப்படி ஒரு முறை மின்னேற்றினால் சுமார் 1,230 படங்கள் எடுக்கும். அதே அளவு உணரி கொண்ட நிக்கான் இசட்6 மிரர்லெஸ்ஸுக்கு அந்த எண் சுமார் 310 மட்டுமே. மின்கலத்துடன் எடை பார்த்தால் டி750 சுமார் 840 கிராம், இசட்6 சுமார் 675 கிராம். எடை குறைகிறது. ஆனால் பையில் கூடுதல் மின்கலம் ஒன்று ஏறிக்கொள்கிறது!

46.5 கழித்தல் 16

லென்ஸ் பொருந்தும் உலோக வளையத்திலிருந்து உணரி வரை உள்ள தூரம் முக்கியமானது. 1959-இல் வந்த நிக்கான் எஃப் அமைப்பில் அது 46.5 மில்லிமீட்டர். ஆடி எழும்பி இறங்க இடம் வேண்டுமல்லவா? 2018-இல் வந்த நிக்கான் இசட் மிரர்லெஸ் அமைப்பில் அது 16 மில்லிமீட்டர்தான்.

46.5 - 16 = 30.5. அதாவது 30.5 மில்லிமீட்டர் இடைவெளியை நிரப்பும் ஓர் இணைப்பு வளையம் இருந்தால், டிஎஸ்எல்ஆர் லென்ஸை மிரர்லெஸ்ஸில் மாட்டலாம். மறுபக்கம் நடக்காது. மிரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் வைத்தால் அது உணரியிலிருந்து 30.5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். தொலைவில் உள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது.

இதன் பொருள் என்ன? இன்று டிஎஸ்எல்ஆருக்கு வாங்கும் நல்ல லென்ஸ் நாளையும் பயன்படும். ஆனால் லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்ஸ்களை எஃப்டிஇசட் என்னும் நிக்கானின் இணைப்பு வளையத்தில் மாட்டினால், ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

சத்தமில்லாமல் எடுத்தால்

மிரர்லெஸ்ஸில் மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் சிறு ஓசைகூட எழாது. நடன அரங்கேற்றத்திலும் பரிசளிப்பு விழாவிலும் இது வரம். ஆனால் பெரும்பாலான உணரிகள் படத்தை வரி வரியாக வாசிக்கின்றன. மேல்வரி முதல் கீழ்வரி வரை வாசிக்க 1/30 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வீசப்படும் பூப்பந்து மட்டை அதற்குள் 50 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். மட்டை வளைந்ததுபோல் பதிவாகும். சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகளும் விழலாம். அத்தகைய நேரத்தில் இயந்திர ஷட்டருக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது?

பறக்கும் இருவாச்சியையோ ஓடும் வீரரையோ தொடர்ந்து எடுக்க வேண்டும், காணொளியும் வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் மிரர்லெஸ் பொருத்தம். கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் அறிமுகப்படுத்தவில்லை. புதிய ஆராய்ச்சியெல்லாம் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது.

பணம் குறைவு, கற்றுக்கொள்வதே நோக்கம், மின்னேற்ற வசதியில்லாத காட்டில் நாள் முழுக்கச் சுற்றப் போகிறீர்கள் என்றால், ஒரு நல்ல பழைய டிஎஸ்எல்ஆர் உங்களை ஏமாற்றாது. பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் பழையவை சந்தையில் நிறைய கிடைக்கின்றன. வாங்கும் முன் ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்று கேளுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை சுலபமாக வளரும். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் வாங்காதீர்கள். எந்தக் கேமரா வாங்கினாலும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைக்கப் பழகுங்கள்.

மிச்சமாகும் பணத்தை லென்ஸில் போடுங்கள். லென்ஸைத் தாண்டித்தான் ஒளி எந்தக் கேமராவுக்குள்ளும் போக முடியும்.

செய்து பாருங்கள்

1. ஓடும் மின்விசிறியைக் கைப்பேசியால் நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள். இறக்கைகள் வளைந்து தெரிந்தால், உணரி வரி வரியாக வாசிப்பதற்கு அதுவே சான்று.

2. ஓர் உருப்பெருக்கியைச் சன்னலை நோக்கி நிறுத்துங்கள். அதன் பின்னால் சிறிய ஆடியை 45 பாகை சாய்வாக வையுங்கள். ஆடிக்கு மேலே படியெடுக்கும் மெல்லிய தாளைக் கிடையாகப் பிடித்து, பிம்பம் தெளியும்வரை உயர்த்தி இறக்குங்கள். சன்னலைப் பார்த்தபடியே தாளைக் குனிந்து பாருங்கள். சன்னல் நேராகத் தெரிகிறதா? இடம் வலம் மாறியிருக்கிறதா? பட்டகம் ஏன் தேவைப்பட்டது என்பது அப்போது புரியும்.

எச்சரிக்கை: உருப்பெருக்கியையோ கேமராவையோ சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள்.