பழைய ஹிமாலயன் வாங்கும்போது

கேள்வி: நெடும்பயணத்துக்குப் பழைய ஹிமாலயன் 411 வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 2016-இல் கார்புரேட்டருடன் வந்தது, அடுத்த ஆண்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் சேர்ந்தது. பழையதாக வாங்கப் பிந்தையதே மேல். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை மெல்லத் திருப்ப வேண்டும். நடுவில் ‘டக்’கென்று சிக்கினால் கோன்செட் (ஹேண்டில்பாரைத் தாங்கும் பேரிங்) தேய்ந்துவிட்டது. மலைப்பாதையில் அடிபட்ட வண்டிக்கு இது சகஜம். நெளிந்த ரிம்மும் கசியும் ஃபோர்க் ஆயில் சீலும் அதே பாதையின் சாட்சிகள். டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால், அது 2019-இன் 23-ஆம் வாரம் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் இறுகியிருக்கும். வாங்கியபின் செலவில் இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், செயின் ஸ்ப்ராக்கெட் முதலில். பெட்டியும் பளபள விளக்கும் அப்புறம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் வண்டியென்றால் 35-உம் தேவை.