திரை இருண்டாலும் தேங்கி நிற்கும் மின்னூட்டம்

எல்சிடி தொலைக்காட்சியின் பேனல் தானாக ஒளிர்வதில்லை. அதற்குப் பின்னாலிருந்து ஒளி தரும் விளக்குகளே பேக்லைட், அதாவது பின்னொளி, எனப்படுகின்றன. ஜொகூர் இல்லங்களிலும் பழுதுபார்க்கும் கடைகளிலும் இவ்விளக்குகளின் மின்சுற்றைப் பற்றி எளிதில் வேரூன்றும் மூன்று நம்பிக்கைகள், நல்ல கருவியைக் குப்பைக்கு அனுப்புவதோடு, அதைத் திறப்பவரின் உயிருக்கும் ஊறு விளைவிக்கக்கூடியவை.

நம்பிக்கை 1: திரை இருண்டால் பேனல் கெட்டுவிட்டது.

உண்மை: ஒலி கேட்டும் படம் தெரியாதபோது, இருட்டறையில் டார்ச் விளக்கைத் திரையருகே சாய்த்துப் பிடித்ததும் மங்கலான படம் தென்படுமாயின், பேனல் இயங்குகிறது என்பதும், பழுது பெரும்பாலும் பின்னொளியிலோ அதன் மின்சுற்றிலோ இருக்கிறது என்பதும் தெளிவாகும்.

நம்பிக்கை 2: பிளக்கைக் கழற்றிவிட்டால் அபாயமில்லை, மீறி ஏதேனும் நேர்ந்தாலும் வீட்டு ஆர்சிசிபி காப்பாற்றும்.

உண்மை: மலேசியாவின் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம், பவர் போர்டில் நேர்திசையாக்கப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டாகவும், திறன்காரணித் திருத்தச் சுற்று இருப்பின் 400 வோல்ட்டை நெருங்கியும், பெரிய மின்தேக்கியில் சேர்கிறது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அந்த மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியை 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள் வலியுறுத்தினும், ஏற்கெனவே மின்தேக்கியில் தேங்கியதை அக்கருவியால் தடுக்க இயலாது. ஸ்குரூடிரைவரால் முனைகளை இணைப்பது தீப்பொறியை எழுப்பிப் போர்டையும் கெடுக்கும். ஆதலால், காப்புறையிட்ட முனைகளும் போதிய வாட் திறனும் கொண்ட சில கிலோ ஓம் மின்தடை வழியாக மின்னூட்டத்தை இறக்கி, மல்டிமீட்டர் ஏறத்தாழச் சுழியம் காட்டிய பின்னரே கை வைத்தல் வேண்டும்.

நம்பிக்கை 3: எல்இடி குறைந்த வோல்ட்டில் இயங்குவதால் தொடலாம், எரிந்ததைக் கம்பியால் குறுக்கிணைத்தால் போதும்.

உண்மை: ஓர் எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் போதுமெனினும், 40 எல்இடிகள் தொடராக இணையும்போது 120 வோல்ட் தேவைப்படுகிறது. எனவே எல்இடிகள் வரிசையாகப் பொருத்திய பட்டையை, அவற்றுக்கு மின்சாரம் தரும் டிரைவர் சுற்றிலிருந்து கழற்றி, மின்னோட்டத்தை வரம்பிடும் எல்இடி டெஸ்டரால் சோதிப்பதே முறை. குறுக்கிணைப்பு திரையில் இருள்திட்டை விட்டுச்செல்வதோடு, எஞ்சியவற்றைத் தேய்க்கும் வெப்பத்தையும் நீக்குவதில்லை. பட்டைத் தொகுதியை முழுமையாக மாற்றிப் பின்னொளி அளவைக் குறைத்து வைப்பதே ஆயுளை நீட்டிக்கும். பழைய திரைகளின் சிசிஎஃப்எல் குழல்விளக்குகளோ பற்றுவதற்கு 1000 வோல்ட் அளவிலோ அதற்கு மேலோ வேண்டுபவை, பாதரசமும் உடையவை. அங்கே சாதாரண மல்டிமீட்டரை வைக்கலாகாது.

ஆகவே டார்ச் முதலில், மின்தேக்கி அடுத்து, பட்டை இறுதியில் என்னும் வரிசை மாறலாகாது. மின்தடையும் மீட்டரும் கைவசம் இல்லாதவர் டார்ச் சோதனையோடு நிறுத்தி, பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.