போர்டு எழுத வந்த தம்பிக்கு



ஃப்ளெக்ஸ் வந்த பிறகும் கையால் போர்டு எழுதிப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். எந்த வேலை மெஷினுக்குப் போய்விட்டது, எது இன்னும் கைக்கு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் முடியும்.

பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஒரு வாரம் நின்றால் போதும் என்கிற வேலையெல்லாம் மெஷினுக்குப் போய்விட்டது. அதன் பின்னால் ஓடாதே. பள்ளிக்கூடச் சுவர், ரேஷன் கடை, பால் சொசைட்டி, கோயில் மதில், லாரியின் பின்பக்கம் என்று வருஷக்கணக்கில் வெயில் தாங்க வேண்டியவை உன்னுடையவை. தாங்குவது பெயின்ட்டின் கையில் மட்டும் இல்லை. புதிதாகப் பூசிய சிமென்ட் சுவரில் அவசரப்பட்டு எனாமல் அடித்தால் உப்புப் பூத்து உரிந்துவிடும். நன்றாகக் காயவிட்டு, சுரண்டி, பிரைமர் அடித்து, அதன்பிறகு எழுது. கடைக்காரர் அவசரப்படுத்துவார், பொறுக்கச் சொல்.

எழுத்துக்கு வருவோம். பஸ்ஸில் போகிறவருக்கு உன் போர்டைப் படிக்கக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிதான். நம் எழுத்தில் சுழிதான் கண். டர்பன்டைன் கூடினால் எனாமல் சுழிக்குள் வழிந்து அடைத்துக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும். அதனால் சுழியைத் தாராளமாகத் திறந்து வை. நம் கடைப் பெயர்கள் நீளமானவை. சாக்பொடி நூலைச் சுண்டிக் கோடு போட்டு, முழுப் பெயரையும் சாக்பீஸில் எழுதிப் பார்த்த பிறகே பிரஷ்ஷைத் தொடு. ‘ஹார்டுவேர்ஸ்’ கடைசியில் நசுங்கி நிற்கும் போர்டு, எழுதியவன் திட்டமில்லாதவன் என்று ஊருக்கே சொல்லிவிடும். ஆங்கிலத்தைப் பெரிதாகப் போடச் சொல்லும் முதலாளியிடம், தமிழ், ஆங்கிலம், பிறமொழிக்கு அரசு வைத்திருக்கும் 5:3:2 அளவை எடுத்துச் சொல். அபராதம் வந்தால் அவர் உன்னைத்தான் தேடுவார்.

தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் சுவர் பிடித்துத் தருவார்கள். வீட்டுக்காரர் சம்மதித்தாரா என்று நீயே கேள். திறந்தவெளி இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது. தேர்தல் முடிந்து கட்சிக்காரர் போய்விடுவார். வீட்டுக்காரர் முகத்தில் தினமும் விழிக்கப்போவது நீ.

‘கமர்ஷியல் ஆர்ட்டிஸ்ட்தானே’ என்று யாராவது இளப்பமாகச் சொன்னால் கோவில்பட்டி கொண்டையராஜுவை நினைத்துக்கொள். 1898-இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதினார். கோவில்பட்டியில் போட்டோ ஸ்டுடியோ வைத்தார். சிவகாசி அச்சகங்களின் காலண்டர்களுக்குச் சாமி படம் வரைந்தார். எல்லாமே கூலிக்குச் செய்த வேலைதான். அந்தப் படங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, தமிழ்நாட்டு வீடுகளில் பூ வைத்துக் கும்பிட்டார்கள். அவர் தனியாகவும் நிற்கவில்லை. கூடவே சீடர்களை வளர்த்தார், அவர்களும் காலண்டர் ஓவியர்களாகப் பெயர் எடுத்தார்கள். உனக்கும் ஒரு பையன் உதவிக்கு வருவான். டப்பா கழுவ மட்டும் அவனை வைத்துக்கொள்ளாதே. கோடு போடக் கற்றுக்கொடு.

காசு விஷயத்தில் கூச்சப்படாதே. சதுர அடிக்கு எவ்வளவு, படத்துக்குத் தனியாக எவ்வளவு என்று முதலிலேயே சொல்லி, பெயின்ட் வாங்கும் அளவுக்காவது அட்வான்ஸ் வாங்கு. எழுத வேண்டிய வாசகத்தை அவர்கள் கைப்படவே எழுதி வாங்கி வைத்துக்கொள். பிழை யாருடையது என்ற சண்டை வராது. சொந்தக்காரருக்குக் குறைத்துக் கொடு, ஓசியில் செய்யாதே. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம். அங்கே எழுதும் குறளைப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறை எழுத்து பழகும்.

கோரல்டிராவும் கற்றுக்கொள். அளவு வைத்து மாதிரி காட்ட உதவும். ஆனால் கணினியில் இருக்கும் எழுத்துரு எல்லாக் கடையிலும் ஒன்றுதான். உன் கையெழுத்தின் வளைவு உன்னிடம் மட்டும் இருக்கும். அதற்காகத்தான் உன்னைத் தேடி வருவார்கள்.

வேலை முடிந்ததும் வலது கீழ் மூலையில் உன் பெயரையும் போன் நம்பரையும் சிறிதாக எழுது. அதைப் பார்ப்பது அடுத்த வேலை தருகிறவர் மட்டும் இல்லை. நிறம் வெளுத்துவிட்டது, எழுத்து உரிந்துவிட்டது என்று குறை சொல்ல வருகிறவரும் அதைத்தான் பார்ப்பார். அந்த போனையும் எடு.

அன்புடன்,
உன் அண்ணன்