குனியும் முன் நிமிர்ந்து பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்து அகளிப் பக்கம் மண்ணுக்குள் கேபிளும் குழாயும் தேடி அடையாளம் போட வரும் புதுப் பிள்ளைகளுக்குச் சில சொல்கிறேன்.

1. கருவியை எடுக்கும் முன் அந்த இடத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். கம்பத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கும் குழாய், வால்வுத் தொட்டி, ஒட்டுப்போட்ட தார் என்று பாதி விவரம் மேலேயே கிடக்கும். பக்கத்து வீட்டு அக்காவையும் கேளுங்கள். எந்த வருஷம் எங்கே தோண்டினார்கள் என்பது அவருக்கு மறக்காது.

2. கம்பியில் ஓடும் சிக்னலின் காந்தப்புலத்தைத்தான் கருவி பிடிக்கிறது. இரண்டு கேபிள் ஒட்டிப் போனால் ஒன்றின் சிக்னல் மற்றதில் ஏறிவிடும். கூடவே கம்பி போடாத பிளாஸ்டிக் குழாய் சத்தமே தராது. அப்போது ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதாதீர்கள், ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். மலைச்சாலையில் ஓரத்தை மண் கொட்டி உயர்த்தியிருப்பார்கள், பத்தடிக்குள் ஆழம் மாறும். திரையில் வரும் ஆழத்தை நம்பி ஜேசிபியை இறக்க விடாதீர்கள். முதலில் கையால் சோதனைக் குழி வெட்டச் சொல்லுங்கள். எச்சரிக்கை நாடாவோ செங்கல் வரிசையோ தெரிந்தால் கடப்பாரையைக் கீழே வைத்துவிட வேண்டும்.

3. மண்ணார்க்காடு–ஆனைகட்டி சாலையில் வளைவுக்கு அப்பால் வரும் லாரி உங்களுக்குத் தெரியாது. வண்டி பார்க்கவே ஓர் ஆள் வேண்டும். அவர் கையில் வேறு வேலை கொடுக்காதீர்கள்.

4. தோட்டத்துக்குள் போகும்போது வேலிக்கம்பியைத் தொடாதீர்கள். 2022 மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரையில், காட்டுப்பன்றிக்கு வைத்த மின்கம்பியில் சிக்கி இரண்டு போலீஸ்காரர்கள் இறந்தார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே நடக்கும் நமக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். உரிமையாளரிடம் கேட்ட பிறகே காலை வையுங்கள்.

5. விடியலிலும் அந்தியிலும் காட்டோரத்தில் ஹெட்போன் வேண்டாம். யானை வருவதைக் கிளை ஒடியும் சத்தம்தான் முதலில் சொல்லும். எந்தப் பக்கம் நடமாட்டம் என்று ஊர்க்காரர்களிடம் காலையிலேயே விசாரியுங்கள்.

6. இடி கேட்டால் கேபிளில் மாட்டிய கிளிப்பைத் தொடாமல் விலகுங்கள். எங்கோ விழும் மின்னல் அந்தக் கம்பி வழியே கைக்கு வரும். ஆடி மழையில் மலைச்சாலைச் சரிவில் புது விரிசலோ கலங்கிய ஊற்றோ கண்டால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

7. தோண்டப் போவதை முன்கூட்டியே தெரிவிக்க, 2023 மார்ச் 22-ல் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியைத் தொடங்கியது. காண்ட்ராக்டர் அதில் பதிந்தாரா என்று கேளுங்கள்.

நீங்கள் போட்ட சாயக்கோட்டை நம்பித்தான் ஒருவர் கடப்பாரையை ஓங்குகிறார். சந்தேகம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் கோபித்தாலும் சொல்லுங்கள்.