பேய்க்கதைக்கு யார் படியளப்பது?

கேள்வி: அரிசி ஆலையில் கூலி வேலை. கல்வராயன் மலையில் நடக்கும் பேய்ப்படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறேன். சென்னையில் யாரையும் தெரியாது. உதவி கிடைக்குமா?
– வாசகர், கச்சிராயபாளையம்

பதில்: கிடைக்கும், ஆனால் வாசலுக்கு வாசல் நிபந்தனை உண்டு. பட்டம் பெற்றவர் என்றால், இயக்குநர் வெற்றிமாறன் சென்னையில் தொடங்கிய ஐ.ஐ.எஃப்.சி. என்ற திரைப்படக் கல்வி நிறுவனத்தைப் பாருங்கள். வசதியற்ற குடும்பத்து இளைஞர்களுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். மத்திய அரசின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) 2007 முதல் திரைக்கதைப் பட்டறை நடத்துகிறது; ‘தி லஞ்ச்பாக்ஸ்’ படத்தின் திரைக்கதை அங்கே செதுக்கப்பட்டதுதான். விண்ணப்பத்துக்கு ஆங்கிலம் தெரிந்த நண்பர் ஒருவரைப் பிடியுங்கள்.

பேய்ப்படம் என்று கூச வேண்டாம். ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டியிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜின் முதல் படம் ‘பீட்சா’ (2012), முக்கியப் பகுதி ஒரே வீட்டில் நடக்கும் திகில் கதை. நடிகர் குறைவு, இடம் குறைவு. தயாரிப்பாளருக்கும் பயம் குறைவு! உங்கள் கதையையும் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் ஒரு வீடு, ஓர் இரவு என்று சுருக்க முடியுமா பாருங்கள்.

யாரிடமும் கதை சொல்லுமுன் சென்னையிலுள்ள திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். 2018இல் ‘சர்கார்’ படத்தின் கதைச் சர்ச்சையில், அது தன் கதை என்று உரிமை கோரிய வருண் ராஜேந்திரனுக்குக் கைகொடுத்தது அந்தப் பதிவுதான்.

ஒன்று மட்டும் குறை: எழுதும் மாதங்களுக்குக் கூலி தரும் திட்டம் நம்மிடையே அரிது. ஆகவே ஆலை வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். முதலில் திரைக்கதையை முடியுங்கள்.