மறைக்கப்பட்ட சுவரோவியம்

மெக்சிகோ நாட்டில் 1910-ஆம் ஆண்டு தொடங்கிய புரட்சி ஓய்ந்தபின், எழுத்தறியாத மக்களுக்கு நாட்டின் வரலாற்றை உணர்த்துவது எங்ஙனம் என்னும் வினா எழுந்தது. 1921-இல் கல்வியமைச்சரான ஹோசே வாஸ்கொன்செலோஸ் அரசாங்கக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார். ரிவேரா, ஒரோஸ்கோ, சிக்கெய்ரோஸ் என்னும் மூவரும் இக்கலையில் பெரும்புகழ் எய்தினர். செல்வர் மாளிகையில் தொங்கும் படத்தை அவர்தம் விருந்தினரே காண்பர். பொதுச்சுவரில் தீட்டியதைச் சுமை தூக்குபவனும் நின்று காண்பான். அச்சம் தருவதும் அதுவே.

1932-இல் சிக்கெய்ரோஸ் அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தங்கியிருந்தார். அங்கே ஓல்வேரா தெருவிலுள்ள ஒரு கட்டடத்தின் மாடிப் புறச்சுவரில், ‘வெப்பமண்டல அமெரிக்கா’ என்னும் பொருள்பற்றி ஓவியம் தீட்டுமாறு அவரை வேண்டினர். அத்தெரு பயணிகளைக் கவர்வதற்கென மெக்சிகோ நாட்டு அங்காடி போல் அமைக்கப்பட்டது. ஆதலின் கனி குலுங்கும் மரங்களும் களித்தாடும் மாந்தரும் நிறைந்த இனிய காட்சியையே வேண்டியோர் எதிர்நோக்கினர். ஏறத்தாழ 80 அடி நீளமும் 18 அடி உயரமும் உடைய அச்சுவரில், அவர் முதலில் முறுக்கேறிய மரங்களையும் பாழடைந்த கோயிலையும் தீட்டினார். நடுவிடம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. திறப்புவிழாவிற்கு முந்திய இரவில் அதனைத் தாமே நிரப்பினார். அக்டோபர் 9-ஆம் நாள் கூடியவர்கள் கண்டது, சிலுவையில் பிணிக்கப்பட்ட பழங்குடி உழவன் ஒருவனையும், அவன் தலைக்குமேல் சிறகு விரித்த கழுகையும் ஆகும். கழுகு எந்நாட்டின் சின்னம் என்பதை அங்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை!

ஓராண்டுக்குள், தெருவிலிருந்து தெரிந்த பகுதியின்மேல் வெள்ளை பூசப்பட்டது. பின்னர்ச் சுவர் முழுவதும் மறைந்தது. சிக்கெய்ரோசும் அந்நாட்டில் மேலும் தங்க இசைவு பெறவில்லை.

பல்லாண்டு கழிந்தன. வெயிலில் வெள்ளை உதிர உதிர, உருவங்கள் மெல்லத் தலைகாட்டின. 1971-இல் ஹெசூஸ் சால்வதோர் திரெவீன்யோ என்னும் இளைஞர் இவ்வோவியத்தின் கதையை ஆவணத் திரைப்படமாக எடுத்தார். சுவரை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்ல இயலாது. திரைப்படமோ சுவரை இல்லந்தோறும் கொண்டுசேர்த்தது. அந்நகரில் வாழ்ந்த மெக்சிகோ வழியினர் பலர், தம் தெருவிலேயே புதைந்து கிடந்த ஓவியத்தை அதன் வாயிலாகவே அறிந்தனர்.

ஓவியர் 1974-இல் மறைந்தார். 1988-இல் கெட்டி நிறுவனத்தார் பாதுகாப்புப் பணியில் இறங்கினர். அவர்கள் அழுக்ககற்றிச் சுவரை உறுதிசெய்தனரேயன்றி, மங்கிய நிறங்களின்மேல் புதுவண்ணம் தீட்டவில்லை. அது நன்றே. 2012 அக்டோபர் 9-ஆம் நாள், முதல் திறப்புக்குச் சரியாக 80 ஆண்டுகளுக்குப்பின், வெளிறிய அவ்வுழவன் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தான்.