ஓட்டைக் குடமும் கைப்பேசித் தரவும்

மழை அருகிய மல்லாங்கிணற்றில் குடம் ஒழுகினால் கிணற்றை நோவார் இலர், குடத்தையே ஆராய்வர். கைப்பேசியில் ஒரு நாளைக்குரிய தரவு நண்பகலுக்குள் தீர்ந்துவிடின், நாமும் அங்ஙனமே ஆராய்தல் வேண்டும். தீர்ந்தபின் பல திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைகின்றது. அவ்வேகத்தில், தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தினின்று 20 எம்.பி. அளவுள்ள நூலொன்றை இறக்க 40 நிமிடத்திற்கு மேலாகும். வீட்டில் வைஃபை இல்லாத மாணவர்க்கு இஃது கல்வியிழப்பே யன்றோ?

நிற்க, நாம் ஏவாமலே கைப்பேசி தரவைச் செலவிடுவதுண்டு. 2015இல் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 9 உடன் அளித்த ‘வைஃபை அசிஸ்ட்’ என்னும் வசதி, வைஃபை நலிந்தவுடன் தானே செல்பேசித் தரவுக்கு மாறிற்று. அதனால் கட்டணம் மிகுந்ததென அமெரிக்காவில் வழக்கும் எழுந்தது.

ஆதலின் முதற்கண் அமைப்புகளில் தரவுப் பயன்பாட்டுக் கணக்கைத் திறந்து, எச்செயலி எவ்வளவு உண்டதெனக் காண்க. மிக உண்டதன் பின்னணித் தரவை நிறுத்துக. வாட்ஸ்அப்பில் காணொளிகள் தாமே இறங்குவதைத் தடுக்க. செயலிப் புதுப்பிப்பும் நிழற்படச் சேமிப்பும் வைஃபையில் மட்டுமே நிகழுமாறு அமைக்க. ஹாட்ஸ்பாட் திறந்திருப்பின் மூடுக. மறுநாள் அக்கணக்கை மீண்டும் ஒப்பிடுக. இவற்றைச் செய்தபின்னரே கூடுதல் ரீசார்ஜைக் குறித்து எண்ணுதல் நலம். உண்மையுள்ள உக்கிராணக்காரனுக்கு அதுவே முறையாகும்.